மூன்று முறை தோற்ற வால்வு: ஆராய்ச்சி நிதிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவக் கருவி ஆராய்ச்சித் திட்டங்களை மதிப்பிட்டு, எதற்கு நிதி தரலாம், எதை நிறுத்தலாம் என்று பரிந்துரைக்கும் நிபுணர் குழுவினருக்கு,

வணக்கம். இதய அறுவை அரங்கிலும் கருவி ஆய்வகத்திலும் வேலை செய்யும் நாங்கள் சிலர் சேர்ந்து எழுதும் மடல் இது. 2024 ஜூலை 17 அன்று டாக்டர் எம். எஸ். வலியத்தான் காலமானார். செயற்கை இதய வால்வை உள்நாட்டிலேயே உருவாக்கிய அறுவை மருத்துவர் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். அந்தப் புகழுக்கு அவர் முழுக்க உரியவர். ஆனால் அந்த வால்வு நோயாளியின் மார்புக்குள் போவதற்கு முன் மூன்று மாதிரிகள் அடுத்தடுத்து தோற்றன. அந்தத் தோல்விகளுக்கு நடுவே வேலையை நிறுத்தாமல் நடத்தியதுதான் அவருடைய பெரிய சாதனை என்று நாங்கள் கருதுகிறோம். இன்று உங்கள் மேசைக்கு வரும் திட்டங்களில் எத்தனைக்கு அந்த அவகாசம் கிடைக்கிறது என்று கேட்கவே இந்த மடல்.

முதலில், வால்வு ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறோம். சிறு பிள்ளைகளுக்கு வரும் ஒரு வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப்புண்ணுக்குச் சரியான மருந்து தராமல் விட்டால், சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடலின் தற்காப்பு, சொந்த இதய வால்வையே தாக்குகிறது. இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வின் இதழ்கள் தடித்து, ஓரங்கள் ஒட்டி, நாளடைவில் சுண்ணம் படிகிறது. நான்கு முதல் ஆறு சதுர சென்டிமீட்டர் திறக்க வேண்டிய வழி ஒன்றரைக்கும் கீழே சுருங்கிவிட்டால், நுரையீரலில் ரத்தம் தேங்கி, மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும். பணக்கார நாடுகளில் வால்வு மாற்றிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். நம் நாட்டில் இருபது, முப்பது வயதுக்காரர்கள் வருகிறார்கள். விலங்குத் திசுவில் செய்த வால்வு இளம் உடலில் சீக்கிரமே சுண்ணம் படிந்து கெட்டுவிடும். ஆகவே அவர்களுக்கு உலோக வால்வுதான். அது முப்பது, நாற்பது ஆண்டு உழைக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த வால்வின் விலையோ அவர்களில் பெரும்பாலோரின் கைக்கு எட்டவில்லை.

வலியத்தான் 1934-ல் மாவேலிக்கரையில் பிறந்தவர். 1951-ல் தொடங்கிய திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் முதல் அணி மாணவர். இங்கிலாந்தில் எஃப்.ஆர்.சி.எஸ். என்ற அறுவை மருத்துவத் தகுதியைப் பெற்றார். பிறகு அமெரிக்காவில் இதய அறுவைப் பயிற்சி. அங்கே ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவர் சார்லஸ் ஹஃப்நாகலிடம் வேலை செய்த காலத்தை நீங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். 1952-ல், இதயத்தைத் திறந்து வேலை செய்ய இதய-நுரையீரல் இயந்திரம் இல்லாத காலத்தில், நோயாளியின் இறங்கு பெருந்தமனியில் ஒரு பந்து வால்வைப் பொருத்தியவர் ஹஃப்நாகல். வால்வை வாங்கித் தைப்பவராக இல்லாமல், வால்வைச் செய்பவராகவும் ஓர் அறுவை மருத்துவர் இருக்க முடியும் என்பதை வலியத்தான் நேரில் கண்டது அங்கேதான். நாடு திரும்பியபின் சென்னை ஐஐடியோடு தொடர்பு வைத்திருந்தார். 1974-ல், கேரள முதல்வர் அச்சுத மேனன் அழைக்க, திருவனந்தபுரத்துக்குப் போனார்.

அங்கே அவருக்குக் கிடைத்தது திருவிதாங்கூர் அரச குடும்பம் மக்களுக்குக் கொடையளித்த ஒரு கட்டடம். அதை ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையமாக வளர்த்தார். மருத்துவமனை ஒரு பக்கம். சில கிலோமீட்டர் தள்ளி, பூஜப்புரையில் அதே குடும்பம் அளித்த சாட்டல்மண்ட் அரண்மனையில் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு. 1980-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் இந்த நிலையம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. சுகாதாரத் துறையின் கீழ் வராமல் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் வந்தது. கடைசல் எந்திரமும் அறுவை மேசையும் ஒரே இயக்குநரின் கையில் இருந்தன. ரத்தம் சேகரிக்கும் பை அந்த ஏற்பாட்டில் பிறந்து தொழிற்சாலைக்குப் போன முந்தைய பொருள்களில் ஒன்று. வால்வுக்கு அதைவிட நீண்ட காலம் பிடித்தது.

இனி வால்வுக்கு வருவோம். உங்களில் பலர் வேறு துறைக்காரர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

அவர்கள் செய்ய முயன்றது சாய்தட்டு வால்வு. அதில் மூன்று பாகங்கள்தான். வட்டமான உலோகச் சட்டம், அதற்குள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு தட்டு, சட்டத்தைச் சுற்றி இதயத் தசையோடு தைப்பதற்கான பாலியெஸ்டர் துணி வளையம். சட்டத்திலிருந்து நீளும் பெரிய, சிறிய தாங்குகம்பிகள் தட்டைப் பிடித்துக்கொள்கின்றன. திருகோ கீலோ ஏதுமில்லை. ரத்தத்தின் அழுத்தம் தள்ளும்போது தட்டு சுமார் எழுபது பாகை சாய்கிறது; அழுத்தம் திரும்பும்போது மூடிக்கொள்கிறது. மூடியபின்னும் ஓரத்தில் ஒரு மெல்லிய கசிவை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். அந்தக் கசிவு தாங்குகம்பியின் முட்டுகளைக் கழுவிக்கொண்டே இருந்தால்தான் அங்கே ரத்தம் தேங்கி உறையாது. கசிவு கூடினால் இதயத்துக்குச் சுமை, குறைந்தால் உறைகட்டி. இந்த இடைவெளியை மில்லிமீட்டரின் சிறு பின்னங்களில் கட்டுப்படுத்த வேண்டும்.

நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்தால், ஆண்டுக்கு 3 கோடியே 68 லட்சம் முறை தட்டு தாங்குகம்பியில் மோதுகிறது. வேறெந்தப் பொறியியல் பாகத்துக்கும் இப்படிச் சோதனை வைப்பது அரிது. எண்ணெய் போட முடியாது, பழுது பார்க்க முடியாது, ஒரு முறை தவறினால் ஆள் இல்லை.

முதல் மாதிரியில் சட்டம் டைட்டானியம். பெரிய தாங்குகம்பியைத் தனியாகச் செய்து சட்டத்தில் பற்றவைத்தார்கள். சோதனை எந்திரத்தில் ஓடவிட்டபோது அந்தப் பற்றவைப்பில் கம்பி முறிந்தது. பற்றவைத்த இடத்தில் உலோகத்தின் உள்கட்டமைப்பு மாறிவிடும். கண்ணுக்குத் தெரியாத சிறு குறை அங்கே மிஞ்சும். மோதல் அந்தக் குறையை மெல்ல மெல்லக் கீறிப் பெரிதாக்கும். இது சித்திரைத் திருநாள் நிலையத்தின் பலவீனம் என்று யாரும் எண்ண வேண்டாம். உலகச் சந்தையில் விற்ற பியோர்க்-ஷைலி குவி-குழிவுத் தட்டு வால்வில் இதே வகைக் கோளாறுதான் வந்தது. சுமார் 86,000 பேருக்குப் பொருத்திய பிறகு, ரத்தம் வெளியேறும் பக்கத்தில் பற்றவைத்த தாங்குகம்பி முறிந்து தட்டு கழன்றுபோன நிகழ்வுகள் அறுநூறுக்கும் மேல் பதிவாயின. 1986-ல் அதைச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். திருவனந்தபுரத்தில் முறிந்தது சோதனை எந்திரத்துக்குள். அங்கே முறிந்தது மனிதர்களுக்குள். தோல்வி எங்கே நிகழ வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நாங்கள் காட்ட முடியாது.

அடுத்து, பற்றவைப்பே இல்லாமல், ஒரே உலோகத் துண்டிலிருந்து சட்டத்தைக் குடைந்தெடுத்தார்கள். தட்டுக்குச் செயற்கை ஒற்றைப்படிக நீலக்கல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். நல்ல காரணத்தோடுதான். நீலக்கல் மிகக் கடினம், தேயாது, கண்ணாடிபோல் மெருகேறும், ரத்தத்தோடு வினைபுரியாது. தட்டு தேயவில்லை, டைட்டானியத் தாங்குகம்பி தேய்ந்தது. எடை குறைவு, அரிப்பு இல்லை, உடல் ஏற்றுக்கொள்ளும் என்று டைட்டானியத்துக்கு எத்தனையோ நல்ல குணங்கள் இருந்தாலும், உரசலைத் தாங்குவதில் அது மோசம். எலும்பில் பதிக்க உகந்த உலோகம், உரசும் இடத்துக்கு உதவாது.

ஆகவே மூன்றாவது மாதிரியில் உலோகத்தை மாற்றினார்கள். ஹெய்ன்ஸ்-25 என்ற உலோகக் கலவை: பாதியளவு கோபால்ட், ஐந்தில் ஒரு பங்கு குரோமியம், மீதியில் டங்ஸ்டனும் நிக்கலும். ஜெட் எஞ்சின் பாகங்களுக்குப் பயன்படும் சரக்கு. கடினமான தட்டு, கடினமான சட்டம், தேய்மானம் கட்டுக்குள். எந்திரச் சோதனை நன்றாகவே போனது. செம்மறியாட்டின் இதயத்தில் பொருத்தினார்கள். சில மாதம் நலமாக இருந்த ஆட்டில் நீலக்கல் தட்டு உடைந்தது. தட்டு உடைந்தால் வால்வு என்ற ஒன்றே இல்லை. முன்னே போன ரத்தமெல்லாம் பின்னே வரும், விலங்கு பிழைக்காது.

இந்த இடத்தில் நில்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். திட்டம் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மூன்று மாதிரிகளுக்குச் செலவழித்தாகிவிட்டது. கையில் ஒரு வால்வும் இல்லை. இன்றைய வழக்கமான மூன்றாண்டுத் திட்டத்தின் முன்னேற்ற அறிக்கையில் இதை எப்படி எழுதுவார்கள்? எதிர்பார்த்த இலக்கு எட்டப்படவில்லை என்று ஒரு வரி. அதற்கு எதிரே உங்கள் பரிந்துரை என்னவாக இருந்திருக்கும்?

அந்த உடைந்த தட்டு அவர்களுக்குச் சொன்ன பாடம் வேறு. முன்பு இரண்டு முறை தேய்மானத்துக்கும் முறிவுக்கும் பயந்து மேலும் மேலும் கடினமான பொருளைத் தேடிப் போனார்கள். கடினம் கூடக்கூட அதிர்ச்சியைத் தாங்கும் குணம் குறைந்துகொண்டே வந்தது. மேற்பரப்பில் ஒரு நுண்ணிய கீறல் இருந்தாலும் படிகம் அங்கிருந்து ஒரே வீச்சில் பிளக்கும். எந்திரச் சோதனையில் தப்பித்த தட்டு உயிருள்ள இதயத்தில் உடையலாம். ஆகவே நான்காவது மாதிரியில் திசையையே திருப்பினார்கள். தட்டை மிக உயர் மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீனில் செய்தார்கள். செயற்கை இடுப்பு மூட்டின் கிண்ணத்துக்கு 1960-களிலிருந்தே பயன்படும் பிளாஸ்டிக் அது. மோதும் அதிர்ச்சியைத் தட்டே உள்வாங்கிக்கொள்கிறது. மூடும் ஒலியும் மென்மை. தட்டு ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் சுழல்வதால் தேய்மானம் ஒரே புள்ளியில் விழாமல் சுற்றிலும் பரவுகிறது. ஹெய்ன்ஸ் சட்டம், பாலிஎத்திலீன் தட்டு, பாலியெஸ்டர் வளையம்: இன்று சித்ரா வால்வு என்று நாம் அழைப்பது இதைத்தான். முதல் மூன்றும் தோற்காமல் நேரே நான்காவதுக்கு யாரும் வந்திருக்க முடியாது. உலோகம் இரண்டாவது தோல்வியிலிருந்து வந்தது, ஒரே துண்டில் குடையும் முறை முதல் தோல்வியிலிருந்து, தட்டு மூன்றாவதிலிருந்து.

காலத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. உலோக வால்வுக்குப் பன்னாட்டுத் தரநிலை கேட்கும் தேய்மானச் சோதனை 40 கோடி சுழற்சி. விநாடிக்கு 15 சுழற்சி வேகத்தில் இரவு பகல் நிற்காமல் ஓட்டினால் 309 நாள். பல மாதிரிகளை ஒரே சமயத்தில் ஓட்டலாம். ஆனால் அந்த 309 நாளைக் குறைக்க முடியாது. வேகத்தைக் கண்டபடி கூட்டினால் தட்டு முழுதாகத் திறக்காமலே மூடும்; அப்போது கிடைக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. அதற்கு முன் இதயத் துடிப்பைப் போலச் செய்யும் எந்திரத்தில் அழுத்த இழப்பும் பின்கசிவும் அளக்க வேண்டும். பின் விலங்குச் சோதனைக்கு மாதக்கணக்கு. ஒரு மாதிரி வடிவமைப்பிலிருந்து விலங்கு வரை போய்த் தோற்றுத் திரும்ப இரண்டு மூன்று ஆண்டு ஆவது சோம்பலால் அல்ல. மூன்றாண்டுத் திட்டம் என்றால், ஒரே ஒரு தோல்விக்குத்தான் இடம் இருக்கிறது.

1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குச் சித்ரா வால்வு பொருத்தப்பட்டது. பிறகு பல மருத்துவமனைகளில் முறையான சோதனை. அப்புறம் டிடிகே நிறுவனம் உற்பத்தியை ஏற்றது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் நோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

அறுவை மருத்துவரும் பொறியாளரும் ஒரே இடத்தில் இருப்பது ஏன் அவசியம் என்பதை அறுவையின் ஒரு கட்டத்தைக் கொண்டே காட்டுகிறோம். நோயாளியின் எடையில் கிலோவுக்கு 300 யூனிட் ஹெப்பாரின் என்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைக் கொடுத்து, இதய-நுரையீரல் இயந்திரத்தில் சேர்த்து, இதயத்தை நிறுத்தி, இடது மேலறையைத் திறந்து கெட்ட வால்வை வெட்டியெடுக்கிறோம். வால்வின் பின்பக்க இதழையும், அதைக் கீழறைத் தசையோடு கட்டியிருக்கும் நாண்களையும் முடிந்தவரை விட்டுவைப்பது நல்லது. இடது கீழறையின் வலு அதனால் காக்கப்படும். ஆனால் விட்டுவைத்த நாண் தளர்ந்து தொங்கினால் அதுவே தட்டின் ஓரத்தில் சிக்கும். அளவுகோலால் வளையத்தை அளந்து, பன்னிரண்டு முதல் பதினாறு தையல்களைச் சுற்றிலும் போட்டு, வால்வை அவற்றின் வழியே இறக்கி முடிச்சிடுகிறோம். முடிச்சின் வாலைக் குட்டையாக வெட்டாவிட்டால் அதுவும் சிக்கும். வால்வு ஓர் அளவு பெரிதாகிவிட்டால் தாங்குகம்பியோ தட்டோ கீழறைச் சுவரில் இடிக்கும். ஆகவே கடைசியில் தட்டை மெல்லத் தள்ளித் தடையின்றி அசைகிறதா என்று பார்க்கிறோம். இடித்தால், தைத்த வளையத்துக்குள்ளேயே சட்டத்தைச் சுழற்றி, தட்டு தடையின்றித் திறக்கும் திசைக்குக் கொண்டுவருகிறோம். சட்டம் வளையத்துக்குள் சுழல வேண்டும் என்ற தேவை வரைபடத்தில் தெரியாது. அது அறுவை மேசையில் பிறக்கும் தேவை. மறுநாளே கடைசல் எந்திரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய தேவை. மருத்துவமனை ஒரு நகரம், ஆய்வகம் இன்னொரு நகரம், இடையில் புரிந்துணர்வு ஒப்பந்தம் என்றால் அந்தச் சேதி போய்ச் சேர ஓராண்டு ஆகும்.

சித்ரா வால்வில் குறையே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. எல்லா உலோக வால்வுக்கும் போலவே இதற்கும் வாழ்நாள் முழுக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை வேண்டும். மைட்ரல் இடத்தில், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு 2.5-க்கும் 3.5-க்கும் இடையே நிற்க வேண்டும். மாத்திரையை விட்டவருக்கு உறைகட்டி படிந்து தட்டு ஒட்டிக்கொள்ளும். வால்வின் ஒலி மங்கும், மூச்சு முட்டும், மணிக்கணக்கில் உயிருக்கே ஆபத்து. அந்நேரத்தில் எக்ஸ்-ரே திரையில் தட்டின் அசைவைப் பார்க்க நினைத்தால், பாலிஎத்திலீன் எக்ஸ்-கதிரில் தெரியாது. எக்கோ என்ற மீயொலிப் படத்தைத்தான் நம்ப வேண்டும். சட்டம் மட்டும் தெரிந்து தட்டு தெரியாத படத்தை இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் எப்படிப் படிப்பார் என்பது சின்னக் கேள்வி அல்ல. தட்டைக் காட்டும் வழியைத் தேடுவதும், அதன் தேய்மானக் குணம் கெடாமல் செய்வதும் நல்ல ஆராய்ச்சிப் பொருள்தான். விற்பனைக்கு வந்துவிட்ட கருவி என்பதாலேயே இத்தகைய வேலையை ஏற்கெனவே முடிந்தது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

உங்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். உடலுக்குள் பதிக்கும் கருவிகளுக்கு மூன்றாண்டு என்ற அளவை நீக்கி, கேள்வி வாரியாக நிதியைப் பிரித்துத் தாருங்கள்: பொருள் தாங்குமா, எந்திரத்தில் நாற்பது கோடி ஓடுமா, விலங்கில் நிற்குமா. ஒரு கட்டத்தில் தோற்றால், தோல்விக்கான காரணத்தை நுண்ணோக்கிப் படத்தோடும் முறிவுப் பரப்பின் ஆய்வோடும் நிறுவிய குழுவுக்கு அடுத்த மாதிரிக்கான நிதியை மறு விண்ணப்பமின்றித் தாருங்கள். காரணம் சொல்லத் தெரியாத குழுவுக்கு நிறுத்துங்கள்; அதில் எங்களுக்கு மாறுபாடில்லை.

இன்னொன்று ஆட்களைப் பற்றியது. இதை நாங்கள் மிக முக்கியமாகக் கருதுகிறோம். சட்டத்தைக் குடையும் கடைசல்காரரும் சோதனை எந்திரத்தைக் காக்கும் தொழில்நுட்பரும் திட்ட ஒப்பந்தத்தில் இருப்பதால், நிதி இடைவெளியில் முதலில் போவது அவர்கள். அடுத்த நிதி வரும்போது எந்திரம் இருக்கும். அந்தத் தட்டை எவ்வளவு அழுத்தத்தில் மெருகேற்ற வேண்டும் என்று கைக்குத் தெரிந்த ஆள் இருக்கமாட்டார். இரண்டு திட்டங்களுக்கு இடையே அவர்களைத் தக்கவைக்க நிறுவனங்களுக்குத் தனித் தொகை ஒதுக்குங்கள். அறுவை மருத்துவருக்கும் வாரத்தில் ஒரு நாளாவது ஆய்வகத்துக்கென்று பணி நேரத்திலேயே கொடுக்க வேண்டும். இரவு அறுவை முடித்துவிட்டு வருபவரிடம் வடிவமைப்பு யோசனையை எதிர்பார்க்க முடியாது. பொருத்திய நோயாளிகளைப் பத்தாண்டு பின்தொடரும் பதிவேட்டுக்கும் தொடக்கத்திலேயே பணம் ஒதுக்கினால்தான் ஐந்தாவது மாதிரி எதைத் திருத்த வேண்டும் என்று தெரியவரும்.

உங்கள் முன்னேற்ற அறிக்கைப் படிவத்தில் எட்டிய இலக்குகளுக்கு இடம் இருக்கிறது. உடைந்தது எது, எங்கே உடைந்தது, ஏன், அதனால் அடுத்த மாதிரியில் எந்தப் பொருளை அல்லது எந்த அளவை மாற்றுகிறீர்கள் என்று கேட்கும் ஒரு பகுதியையும் அடுத்த கூட்டத்திலேயே சேர்த்து, அதற்கும் மதிப்பெண் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இதய அறுவை மருத்துவர்களும் உயிர்மருத்துவப் பொறியாளர்களும்